பெட்டி மாறலாம், பொருள் மாறலாகாது

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் நடந்த திருமணங்கள் பல, இன்று வீட்டு அலமாரிகளில் வட்டுகளாக உறங்குகின்றன. அக்காலத்தில் திருமணத்தைப் படம்பிடித்தவர்கள், அதை விசிடி வட்டுகளில் பதிந்து, மணமக்களின் படம் ஒட்டிய உறையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். ஆண்டுகள் கடந்துவிட்டன. வட்டுகளில் கீறல் விழுந்துவிட்டது. வெயிலும் வெப்பமும் பட்ட வட்டுகள் சில, பாதியில் நின்றுவிடுகின்றன.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2002ஆம் ஆண்டில் நடந்த அவர்கள் வீட்டுத் திருமணம் மூன்று விசிடி வட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு வட்டும் 55 நிமிடம் ஓடும். இரண்டாவது வட்டில், மணமகளுக்கு நலுங்கு வைக்கும் வேளையில் பாட்டி ஒரு பாட்டுப் பாடுகிறார். பாட்டி இப்போது இல்லை. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

படிவம் நான்கில் பயிலும் பேத்தி ஒரு நாள் தாத்தாவிடம், “தாத்தா, மூன்று வட்டுகளையும் ஒரே டிவிடியில் சேர்த்துத் தருகிறேன்” என்றாள்.

“செய், அம்மா. ஆனால், முன்பு ஒரு கடையில் கொடுத்து மாற்றியபோது உன் பாட்டியின் முகமே கலங்கிப்போய்விட்டது. பாட்டும் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. அப்படி ஆகிவிடக் கூடாது” என்றார் தாத்தா.

கடையில் நடந்தது என்ன? பாட்டியின் முகம் ஏன் கலங்கியது? அதைத் தவிர்க்க வழி உண்டா? இக்கேள்விகளுக்கு விடை, காணொளிக் கோப்பு எப்படி உருவாகிறது என்பதை அறிந்தால் கிடைக்கும்.

சுருக்கம் ஏன் தேவைப்படுகிறது?

காணொளி என்பது வேகமாக மாறும் படங்களின் வரிசை. ஒவ்வொரு படத்தையும் சட்டகம் என்பர். மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றிய ‘பால்’ எனும் தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 சட்டகங்கள் ஓடும். டிவிடியின் முழு அளவுச் சட்டகம் அகலத்தில் 720 படப்புள்ளிகளும் உயரத்தில் 576 படப்புள்ளிகளும் கொண்டது. அதாவது, ஒரு சட்டகத்தில் 414,720 புள்ளிகள். ஒரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும் குறிக்கச் சராசரியாக 12 பிட் தேவை. இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு விநாடிக் காட்சிக்கு ஏறத்தாழ 124 மெகாபிட் இடம் வேண்டும்.

ஓர் அடுக்கு டிவிடி வட்டின் கொள்ளளவு 470 கோடி பைட். எதையும் சுருக்காமல் பதிந்தால், அதில் ஐந்து நிமிடக் காட்சிதான் அடங்கும். தாலி கட்டும் காட்சிக்கே அது போதாது.

ஆகவே, காணொளி சுருக்கப்படுகிறது. இது இரண்டு வழிகளில் நடக்கிறது. முதலாவது, ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறாத பகுதியை மீண்டும் எழுதாமல் விடுவது. மணமேடையும் பின்திரையும் அசைவதில்லை. மாலை மாற்றும் கைகள் மட்டுமே அசைகின்றன. எனவே, ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதிவிட்டு, அடுத்து வரும் சட்டகங்களில் மாற்றங்களை மட்டும் குறித்தால் போதும். முழுச் சட்டகத்தில் தொடங்கி அதைச் சார்ந்து வரும் சட்டகங்களைச் சட்டகக் குழு எனலாம்.

இரண்டாவது வழி, கண் எளிதில் கவனிக்காத நுட்பங்களைக் கைவிடுவது. சட்டகம் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் எண்களாக மாற்றப்பட்டு, அந்த எண்கள் முழுமையாக்கப்படுகின்றன. பட்டுச் சேலையின் சரிகை நுணுக்கமும் முகத்தின் மெல்லிய நிழலும் இந்த முழுமையாக்கத்தில்தான் சற்றுக் குறைகின்றன. இப்படிக் குறைந்தவை எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை. அவை போனவை போனவையே.

மறுசுருக்கத்தின் விலை

முதல் சுருக்கத்தில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சிக்கல் இரண்டாவது சுருக்கத்தில் தொடங்குகிறது. இதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

23 என்னும் எண்ணை, 5இன் மடங்குகளில் அதற்கு மிக அருகில் உள்ள எண்ணாக மாற்றினால் 25 கிடைக்கும். இது முதல் சுருக்கம். அந்த 25ஐ 7இன் மடங்குகளில் மிக அருகில் உள்ள எண்ணாக மாற்றினால் 28 கிடைக்கும். இது மறுசுருக்கம். ஆனால், 23ஐ நேரடியாக 7இன் மடங்காக மாற்றியிருந்தால் 21 கிடைத்திருக்கும். நேரடியாக மாற்றியபோது பிழை 2. இரண்டு முறை மாற்றியபோது பிழை 5. இரண்டாவது முறை கணக்கிட்டவருக்கு முதலில் இருந்த எண் 23 என்பது தெரியாது. அவர் கையில் இருந்தது 25 மட்டுமே.

காணொளியை மறுசுருக்கம் செய்யும் மென்பொருளின் நிலையும் இதுவே. முதல் சுருக்கத்தில் தோன்றிய சிறு பிழைகளையும் உண்மையான படம் என்று எண்ணி, அவற்றின்மீது புதிய பிழைகளை ஏற்றுகிறது. நகலை மீண்டும் நகலெடுத்தால் எழுத்து மங்குவதுபோல, படம் கட்டம் கட்டமாகவும் கலங்கலாகவும் மாறுகிறது. தாத்தா கண்டது இதைத்தான்.

கடையில் இன்னொன்றும் நடந்திருக்கலாம். விசிடியின் சட்டகம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 101,376 புள்ளிகள். அதை டிவிடியின் முழு அளவுக்குப் பெரிதாக்கினால், புள்ளிகளின் எண்ணிக்கை நான்கு மடங்குக்குச் சற்று அதிகமாகும். ஆனால், படத்தில் புதிய தகவல் ஒன்றும் சேராது. இல்லாத புள்ளிகளை மென்பொருள் ஊகித்து நிரப்பும். பிறகு அந்த ஊகத்தையும் சேர்த்துச் சுருக்கும். கோப்பு பெரிதாகிவிட்டதால் தரமும் உயர்ந்துவிட்டது என்று பலர் நம்பிவிடுகின்றனர். அது தவறு.

கொள்கலனும் சரக்கும்

கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கை நினைத்துப் பார்த்தால், தீர்வு எளிதில் விளங்கும். கப்பலில் வந்த கொள்கலன் பாரந்தூக்கியால் இறக்கப்பட்டு, லாரியில் ஏற்றப்படுகிறது. சில வேளைகளில் சரக்கு ஒரு கொள்கலனிலிருந்து வேறொரு கொள்கலனுக்கு மாற்றப்படுவதும் உண்டு. அதற்காக உள்ளே இருக்கும் பீங்கான் தட்டுகளை யாரும் உடைத்து, அரைத்து, மீண்டும் தட்டுகளாகச் சுடுவதில்லை. பெட்டி மாறுகிறது, பொருள் அப்படியே இருக்கிறது.

காணொளிக் கோப்பும் ஒரு கொள்கலனே. அதனுள் படத்தாரை ஒன்றும் ஒலித்தாரை ஒன்றும் சிறு சிறு பொதிகளாகக் கலந்து வைக்கப்பட்டுள்ளன. விசிடியில் இந்தக் கொள்கலன் ‘டாட்’ என முடியும் பெயருடைய கோப்பாக இருக்கும். டிவிடியில் அது ‘வாப்’ என முடியும் கோப்பாக இருக்கும். உள்ளே இருக்கும் தாரைகள் டிவிடியின் விதிகளுக்கு ஏற்கெனவே பொருந்தியிருந்தால், அவற்றை ஒரு கொள்கலனிலிருந்து எடுத்து மற்றொன்றில் அடுக்கினால் போதும். மறுசுருக்கம் தேவையில்லை. எடுத்து அடுக்கிய படத்தாரை, பழைய கோப்பில் இருந்ததிலிருந்து ஒரு பிட்கூட மாறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கோப்பின் பெயரில் உள்ள கடைசி மூன்றெழுத்தை மட்டும் மாற்றுவது கொள்கலனை மாற்றுவதாகாது. மாவு டப்பாவின்மேல் ‘சர்க்கரை’ என்று எழுதி ஒட்டினால் மாவு இனிக்காது. டிவிடியின் கொள்கலனில், ஒவ்வொரு சட்டகக் குழுவின் தொடக்கத்திலும் வழிகாட்டிப் பொதி ஒன்று இருக்க வேண்டும். முன்னோக்கியும் பின்னோக்கியும் தாவும்போது கருவிக்கு வழிகாட்டுவது அப்பொதிதான். பெயரை மாற்றுவதால் அது உண்டாகிவிடாது.

டிவிடி கேட்கும் நிபந்தனைகள்

விசிடியின் விதிமுறை 1993ஆம் ஆண்டில் வெளிவந்தது. டிவிடி 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பின்னர் வந்த டிவிடி ‘எம்பெக் 2’ என்னும் புதிய சுருக்க முறையைப் பயன்படுத்தினாலும், விசிடியின் ‘எம்பெக் 1’ முறையை அது ஒதுக்கிவிடவில்லை. ‘பால்’ முறைக்குரிய டிவிடியில் படத்தாரை இந்த நிபந்தனைகளில் ஒரு தொகுதிக்குப் பொருந்த வேண்டும்:

• எம்பெக் 2 ஆக இருந்தால், சட்டகம் 720க்கு 576, 704க்கு 576, 352க்கு 576, 352க்கு 288 ஆகிய அளவுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். பிட் வீதம் விநாடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது.

• எம்பெக் 1 ஆக இருந்தால், சட்டகம் 352க்கு 288 ஆக இருக்க வேண்டும். பிட் வீதம் விநாடிக்கு 1.856 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது.

• இரண்டிலும் விநாடிக்கு 25 சட்டகங்கள் இருக்க வேண்டும். ஒரு சட்டகக் குழுவில் 15 சட்டகங்களுக்கு மேல் இருக்கக் கூடாது.

குடும்பத்தின் விசிடியை இந்தப் பட்டியலோடு ஒப்பிடலாம். அதன் படத்தாரை எம்பெக் 1; அளவு 352க்கு 288; விநாடிக்கு 25 சட்டகங்கள்; பிட் வீதம் விநாடிக்கு 1.15 மெகாபிட், சட்டகக் குழுவின் நீளம் 15. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. ஆகவே, பாட்டியின் முகத்தைத் தொடாமலேயே அதை டிவிடியில் ஏற்ற முடியும்.

ஒலியில் ஒரு சிக்கல்

படத்தாரை தேறிவிட்டது, ஒலித்தாரை தேறவில்லை. ஒலியைப் பதியும்போது, அதன் அலை ஒரு விநாடியில் பல்லாயிரம் முறை அளக்கப்படுகிறது. விசிடியில் விநாடிக்கு 44,100 முறை அளப்பர். டிவிடியோ 48,000 முறை அளக்க வேண்டும் என்று கேட்கிறது. எனவே, ஒலியை மாற்றியே ஆக வேண்டும். ஆனால், மாற்றுவது வேறு. மீண்டும் இழப்போடு சுருக்குவது வேறு.

டிவிடி பல வகை ஒலிகளை ஏற்கும். அவற்றுள் ‘எல்பிசிஎம்’ என்பது சுருக்கப்படாத ஒலி. விசிடியின் ஒலித்தாரையை விரித்து, 48,000 அளவுக்கு மாற்றி, எல்பிசிஎம் வடிவில் வைத்தால் இரண்டாவது சுருக்கம் நேராது. அளவை மாற்றும் கணக்கீட்டில் ஏற்படும் வேறுபாடு காதுக்குப் புலப்படாத அளவு சிறியது. பாட்டியின் குரல் வட்டில் எப்படி இருந்ததோ அப்படியே கேட்கும்.

இதற்கு இடம் போதுமா? கணக்கிட்டுப் பார்க்கலாம். எல்பிசிஎம் ஒலிக்கு, 48,000 அளவுகள், ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் விநாடிக்கு 1.536 மெகாபிட். படத்தாரைக்கு 1.15 மெகாபிட். இரண்டும் சேர்ந்து 2.686 மெகாபிட். மூன்று வட்டுகளின் மொத்த நேரம் 165 நிமிடம், அதாவது 9,900 விநாடி. இதைப் பெருக்கி, எட்டால் வகுத்தால் ஏறத்தாழ 332 கோடி பைட் வரும். டிவிடியின் கொள்ளளவோ 470 கோடி பைட். இடம் தாராளமாகவே இருக்கிறது.

செய்முறை

1. நகலெடுத்தல்: விசிடியில் ‘எம்பெக்ஏவி’ என்னும் கோப்புறை இருக்கும். அதிலுள்ள ‘டாட்’ கோப்பைக் கணினிக்கு நகலெடுக்க வேண்டும். விசிடியின் காட்சிப் பகுதியில், கணினித் தரவு வட்டில் உள்ளதுபோன்ற கூடுதல் பிழைதிருத்தப் பாதுகாப்பு இல்லை. எனவே, கீறல் விழுந்த வட்டைப் படிக்கும்போது பிழை எளிதில் நுழைந்துவிடும். வட்டை மென்துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துவிட்டு நகலெடுப்பது நல்லது. இவ்வாறு எடுத்த கோப்பைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும். இனி வரும் வேலைகள் எல்லாம் அதன் நகலில்தான் நடக்க வேண்டும்.

2. ஆராய்தல்: ‘மீடியாஇன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால், சுருக்க முறை, சட்டக அளவு, பிட் வீதம், ஒலியின் அளவு ஆகியவை தெரியும். மாற்றுவதற்கு முன் பார்ப்பதே இந்த வேலையின் முதல் விதி. கடையில் தவறியதும் இந்தப் படியில்தான்.

3. பிரித்தல்: படத்தாரையையும் ஒலித்தாரையையும் தனித்தனியே எடுக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘எஃப்எஃப்எம்பெக்’ என்னும் இலவச மென்பொருளில் இதற்குக் ‘காப்பி’ எனும் கட்டளை உண்டு. அக்கட்டளையைக் கொடுத்தால் மென்பொருள் தாரையை விரிக்காது, சுருக்காது, எடுத்துக் கொடுக்க மட்டும் செய்யும்.

4. ஒலியை மாற்றுதல்: ஒலித்தாரையை மட்டும் 48,000 அளவுள்ள எல்பிசிஎம் ஆக மாற்ற வேண்டும்.

5. அடுக்குதல்: வட்டு உருவாக்கும் மென்பொருள், படத்தாரையையும் புதிய ஒலித்தாரையையும் டிவிடியின் கொள்கலனில் அடுக்கும். இடையிடையே வழிகாட்டிப் பொதிகளைச் சேர்க்கும். தெரிவுப் பட்டியலையும் அத்தியாயங்களையும் அமைக்கும். ‘வீடியோ டிஎஸ்’ என்னும் கோப்புறையில், காட்சிகள் ஒவ்வொன்றும் ஒரு கிகாபைட்டை மிஞ்சாத ‘வாப்’ கோப்புகளாக வந்து சேரும். சில மென்பொருள்கள் கேளாமலேயே மறுசுருக்கம் செய்துவிடும். அமைப்புப் பகுதியில் படத்தாரைக்கு ‘நகல்’ எனத் தெரிவு செய்திருப்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

6. சோதித்தல்: வட்டில் பதிவதற்கு முன் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வாயசைவும் குரலும் ஒத்திருக்க வேண்டும். தாரைகளைப் பிரித்துச் சேர்க்கும்போது அவற்றின் தொடக்க நேரம் பிசகினால், பாட்டி வாயை மூடிய பிறகும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மறுசுருக்கம் நடக்கிறதா என்பதை நேரத்தைக் கொண்டும் அறியலாம். தாரையை அப்படியே அடுக்கும் வேலை, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதே கணினியில் அதைவிடப் பன்மடங்கு நேரம் எடுத்தால், மென்பொருள் சட்டகம் சட்டகமாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேலையை நிறுத்தி, அமைப்பைச் சரிபார்ப்பது நல்லது.

தொடாமலேயே சேர்க்கலாம்

படத்தாரையைத் தொடக் கூடாது என்றால், புதிதாக எதையும் சேர்க்க முடியாதா? முடியும். டிவிடியின் சிறப்பே அதுதான்.

படத்தின்மேல் பெயரை எழுதினால், அந்தச் சட்டகங்களை எல்லாம் மறுசுருக்கம் செய்ய வேண்டிவரும். ஆனால், திரையின் அடியில் தோன்றும் வசனவரிகள் டிவிடியில் தனித்தாரையாகவே வைக்கப்படுகின்றன. அவை எழுத்தாக அல்லாமல் படமாகப் பதியப்படுவதால், கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழில் தெரியும். ‘நலுங்கு வைப்பவர் பெரிய அத்தை’ என்று எழுதி வைக்கலாம். வேண்டியபோது காட்டலாம், வேண்டாதபோது மறைக்கலாம்.

ஒரு டிவிடியில் எட்டு ஒலித்தாரைகள் வரை வைக்கலாம். முதல் தாரையில் திருமணத்தின் ஒலி இருக்கட்டும். இரண்டாவது தாரையில் தாத்தாவே பேசலாம். யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், அந்தப் பாட்டைப் பாட்டி யாரிடம் கற்றார் என்பதையெல்லாம் காட்சி ஓட ஓட அவர் சொல்லச் சொல்லப் பதியலாம். தொலைவியக்கியில் ஒரு பொத்தானை அழுத்தினால், ஒரு குரலிலிருந்து மற்றொரு குரலுக்கு மாறலாம்.

காட்சியை வெட்டுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மற்றச் சட்டகங்கள் முழுச் சட்டகத்தைச் சார்ந்தே நிற்பதால், மறுசுருக்கம் இன்றி வெட்ட வேண்டுமானால் ஒரு சட்டகக் குழுவின் தொடக்கத்தில்தான் வெட்ட வேண்டும். 15 சட்டகங்கள் கொண்ட குழு 0.6 விநாடி ஓடும். ஆகவே, விரும்பிய இடத்துக்கு அரை விநாடி முன்னோ பின்னோ வெட்ட நேரலாம். அந்த அரை விநாடியை விட்டுக்கொடுப்பது, படத்தின் தரத்தை விட்டுக்கொடுப்பதைவிட மேலானது.

மறுசுருக்கம் தவிர்க்க முடியாதபோது

எல்லாக் காணொளிகளுக்கும் இந்த வழி பொருந்தாது. இன்றைய கைப்பேசிகள் 1920க்கு 1080 போன்ற பெரிய சட்டகங்களில், டிவிடி அறியாத புதிய சுருக்க முறைகளில் பதிகின்றன. அவற்றை டிவிடியில் ஏற்ற வேண்டுமானால், எம்பெக் 2 ஆக மறுசுருக்கம் செய்தே தீர வேண்டும். அப்போது மூன்று நெறிகளைப் பின்பற்றலாம். ஒரு முறை மட்டுமே சுருக்குதல். நகலிலிருந்து அன்றி மூலக் கோப்பிலிருந்தே சுருக்குதல். வட்டில் உள்ள இடம் அனுமதிக்கும் உயர்ந்த பிட் வீதத்தைக் கொடுத்தல். மூலக் கோப்பை எக்காரணத்தைக் கொண்டும் அழித்துவிடக் கூடாது.

காட்சி ஒரே வட்டில் அடங்காவிட்டால், உடனே சுருக்கத் துணிய வேண்டியதில்லை. இரண்டு வட்டுகளாகப் பிரிக்கலாம். அல்லது 850 கோடி பைட் கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டைப் பயன்படுத்தலாம். வெற்று வட்டின் விலை சில வெள்ளி. இழந்த நுட்பத்தை எத்தனை வெள்ளி கொடுத்தாலும் வாங்க முடியாது.

இம்முறையைக் குடும்பத்தின் சொந்தப் பதிவுகளுக்கே பயன்படுத்த வேண்டும். கடையில் விற்கும் திரைப்பட வட்டுகள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை.

பேத்தி அந்த டிவிடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தா வீட்டில் ஓட்டினாள். திரையில் நலுங்கு தொடங்கியது. படம் பெரிதாகவோ புதிதாகவோ மாறிவிடவில்லை. 2002இல் எப்படித் தெரிந்ததோ அப்படியே தெரிந்தது. பாட்டு முடியும்வரை தாத்தா பேசவில்லை. பிறகு, “இன்னொரு முறை போடு, அம்மா” என்றார். மூன்று ‘டாட்’ கோப்புகளும் அத்தை வீட்டுக் கணினியில் ஒரு படி, தனி வன்வட்டில் ஒரு படி என இரண்டு இடங்களில் பத்திரமாக இருந்தன.

அருஞ்சொற்பொருள்

சட்டகம் – காணொளியில் உள்ள தனிப்படம்
படப்புள்ளி – திரையில் தெரியும் படத்தின் மிகச் சிறிய புள்ளி அலகு
பிட் வீதம் – ஒரு விநாடிக் காட்சிக்கோ ஒலிக்கோ செலவாகும் பிட்டுகளின் எண்ணிக்கை
தாரை – தொடர்ந்து பாயும் தரவு. படத்தாரை, ஒலித்தாரை என வகைப்படும்
கொள்கலன் – தாரைகளைச் சேர்த்து வைக்கும் கோப்பு அமைப்பு
மறுசுருக்கம் – ஏற்கெனவே சுருக்கியதை விரித்து மீண்டும் சுருக்குதல்

கருத்துணர் வினாக்கள்

1. காணொளியைச் சுருக்காமல் டிவிடியில் பதிய இயலாமைக்குக் காரணம் யாது?

2. 23 என்னும் எண்ணைக் கொண்டு விளக்கப்படும் கருத்தை உம் சொந்த நடையில் எழுதுக.

3. குடும்பத்தின் விசிடியில் படத்தாரையை அப்படியே பயன்படுத்த முடிந்தது. ஒலித்தாரையை மாற்ற நேர்ந்தது. ஏன்?

4. ‘மாவு டப்பாவின்மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் மாவு இனிக்காது.’ இவ்வரி உணர்த்தும் கருத்து யாது?

5. படத்தாரையைத் தொடாமல் டிவிடியில் சேர்க்கத்தக்க இரண்டினைக் குறிப்பிட்டு, அவற்றின் பயனை விளக்குக.

6. ஒவ்வொன்றும் 60 நிமிடம் ஓடும் நான்கு விசிடி வட்டுகளை, எல்பிசிஎம் ஒலியோடு ஓர் அடுக்கு டிவிடி ஒன்றில் பதிய முடியுமா? கணக்கிட்டுக் காட்டுக. முடியாவிட்டால், படத்தை மறுசுருக்கம் செய்யாமல் மேற்கொள்ளத்தக்க வழி ஒன்றைக் கூறுக.

7. உம் வீட்டிலுள்ள பழைய ஒளி, ஒலிப் பதிவுகளுள் ஒன்றைப் பற்றிக் குடும்பத்து மூத்தோரிடம் கேட்டறிக. அதில் இருப்போர் யார், அது ஏன் பாதுகாக்கத்தக்கது என்பதை ஒரு பத்தியில் எழுதுக.